மீன்வள ஆலோசனைக் குழுவில் யாருக்கு நாற்காலி?

சுருக்குமடி வலை, தடைக்காலம், இறால் பண்ணை, கடலில் கூண்டு போட்டு மீன் வளர்ப்பது என்று ஏதாவது ஒன்றில் சச்சரவு முற்றினால், அரசுத் தரப்பிலிருந்து வழக்கமாக ஓர் அறிவிப்பு வரும்: ‘இதை ஆராயக் குழு அமைக்கப்படும். அதில் அதிகாரிகள், வல்லுநர்கள், மீனவர் பிரதிநிதிகள் இடம்பெறுவார்கள்.’ செய்தி அந்த வரியோடு நின்றுவிடும். மொத்தம் எத்தனை பேர், அவர்களைப் பொறுக்கி எடுத்தது யார், அவர்கள் சொல்வதை அரசு கேட்டாக வேண்டுமா என்பதெல்லாம் வெளியே வருவதில்லை.

பட்டியல் கையில் கிடைத்தால் ‘இதில் மீனவர் எத்தனை பேர்’ என்று எண்ணிப் பார்க்கத்தான் முதலில் தோன்றும். எண்ணலாம், தப்பில்லை. ஆனால் எண்ணிக்கை சொல்வது பாதிக் கதை. ஒருவரை எந்த வகையில் சேர்த்தார்கள், அவர் பெயரைக் கொடுத்தது யார், அவர் சொன்னது அப்புறம் என்ன ஆகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் குழுவின் உண்மையான கனம் தெரியும். ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று இடங்களின் சட்டங்களை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். மூன்றும் மூன்று விதம்.

முதலில், இது எந்த வகைக் குழு?

‘குழு’, ‘மன்றம்’, ‘ஆணையம்’, ‘வாரியம்’ என்ற பெயர்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செய்யும் வேலையை வைத்துப் பிரித்தால் மூன்று வகை தேறும்.

1. கருத்து மட்டும் சொல்லும் மன்றம். அரசு கேட்டால் சொல்லும், கேட்காவிட்டாலும் தானாகச் சொல்லலாம். ஏற்பதும் விடுவதும் அரசின் பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன்வள ஆலோசனை மன்றங்கள் இந்த வகை.

2. திட்டத்தையே எழுதிக் கொடுக்கும் மன்றம். கையெழுத்துப் போடுவது அமைச்சர்தான் என்றாலும், எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம், எந்த மாதம் பிடிக்கலாம் என்று வரைவு எழுதுவது மன்றம். அமெரிக்காவின் வட்டார மீன்வள மன்றங்கள் இப்படிப்பட்டவை.

3. உரிமம் தரும், ரத்து செய்யும் ஆணையம். இது ஆலோசனையோடு நிற்பதில்லை; நேரடியாக நடவடிக்கை எடுக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் இதற்கு உதாரணம்.

அதிகாரம் கூடக் கூட, தொழிலில் பணம் போட்டவரை உள்ளே விடுவதில் தயக்கமும் கூடும் என்று எதிர்பார்ப்போம். ஐரோப்பாவையும் இந்தியாவையும் பார்த்தால் அது சரிதான். அமெரிக்கா நேர் எதிர். அதைப் பிறகு பார்ப்போம்.

நாற்காலிகளில் ஐந்து வகை

எந்த நாட்டுப் பட்டியலை எடுத்தாலும் உறுப்பினர்களை இந்த ஐந்துக்குள் அடக்கிவிடலாம்.

1. பதவிவழி உறுப்பினர். மீன்வளத் துறை இயக்குநர், செயலாளர் போன்றவர்கள். ஆள் மாறினாலும் நாற்காலி மாறாது. இடமாற்றம் வந்தால் புது அதிகாரி வந்து உட்காருவார். முந்தைய கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது கோப்பில் இருந்தால்தான் அவருக்குத் தெரியும்.

2. வல்லுநர். கடல் சூழலியல், மீன் நோய், பொருளியல் போன்ற துறைகளில் தேர்ந்தவர். தன் அறிவுக்காக வருகிறார். யாருடைய சார்பாகவும் வருவதில்லை என்பது கணக்கு.

3. தொழில் தரப்புப் பிரதிநிதி. மீன் பிடிப்பவர், வளர்ப்பவர், பதப்படுத்துபவர், விற்பவர்.

4. பிற தரப்பு. சுற்றுச்சூழல் அமைப்புகள், நுகர்வோர் அமைப்புகள், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோர் சங்கங்கள்.

5. வாக்கில்லாமல் உட்காருபவர். பேசலாம், காகிதம் கொடுக்கலாம். கை தூக்கும்போது அவர் கை கணக்கில் வராது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிக்கும் கோடு சட்டப் புத்தகத்தில் தெளிவாக இருக்கும்; நடைமுறையில் அவ்வளவு தெளிவில்லை. இறால் தீவன நிறுவனத்தில் இருபது வருடம் வேலை பார்த்த உயிரியலாளர் வல்லுநரா, தொழில் தரப்பா? படிப்பைப் பார்த்தால் வல்லுநர். சம்பளத்தைப் பார்த்தால் தொழில் தரப்பு. குழுக்களின் மேல் எழும் குறைகளில் பாதி இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

‘மீனவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பேர்?

மூன்றாவது வகை நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பொதுவாக அறிவிப்புகளில் ‘மீனவர் பிரதிநிதி’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிடுகிறார்கள். தமிழகக் கரையில் ஒரு துறைமுகத்தில் விடியற்காலையில் போய் நின்றால் அந்தச் சொல் எத்தனையாகப் பிரிகிறது என்பது தெரியும். விசைப்படகின் உரிமையாளர் ஒருவர். அந்தப் படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி வேறு. ஃபைபர் படகில் நாலு பேராகப் போய் வலை விரித்துவிட்டு வருபவர்கள் வேறு. கரைவலை இழுப்பவர்கள், ஏலம் கூறுபவர், ஏலத்தில் எடுத்துக் கூடையிலோ அலுமினியப் பாத்திரத்திலோ வைத்துத் தெருத் தெருவாக விற்கும் பெண்கள், கருவாடு காயவைப்பவர்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கடலோரத்தில் எல்லோரும் ‘நாங்க மீனவங்க’ என்றுதான் சொல்லுவார்கள். தடைக்காலத்தைப் பற்றியோ வலையின் கண்ணி அளவைப் பற்றியோ கேட்டால் பதில் ஒன்றாக இருக்காது.

சுருக்குமடி வலை விவகாரம் இதற்கு நல்ல சான்று. பெரிய வட்டமாக வலையைச் சுற்றிப் போட்டு, அடியில் கயிற்றை இழுத்துச் சுருக்கி, கூட்டமாக வரும் மத்தியையும் பிற மீன்களையும் ஒரே மூச்சில் அள்ளும் முறை இது. தமிழக அரசு இதைத் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; 2023 ஜனவரியில் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, கண்காணிப்புக் கருவி பொருத்திய பதிவு பெற்ற படகுகள் பிடிக்கலாம் என்றது. கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் கரையில் இந்த வலை வேண்டும் என்று போராடியவர்களும் மீனவர்களே, கூடாது என்று போராடியவர்களும் மீனவர்களே. இந்த விஷயத்துக்கு ஒரு குழு போட்டு, அதில் மீனவருக்கு ஒரே ஒரு நாற்காலி வைத்தால், எந்தக் கிராமத்துக்காரர் உட்காருகிறார் என்பதிலேயே அறிக்கையின் முடிவு பாதி எழுதப்பட்டுவிடும்.

ஊர்ப் பஞ்சாயத்து பலமாக உள்ள கரைகளில் ‘யாரை அனுப்புவது’ என்பதை ஊரே கூடிப் பேசி முடிவு செய்யும். அரசுக் குழுக்கள் பெரும்பாலும் பதிவு பெற்ற சங்கங்களிடமோ கூட்டுறவுச் சங்கங்களிடமோ பெயர் கேட்கின்றன. பதிவும் அலுவலகமும் லெட்டர்பேடும் உள்ளவருக்கு அழைப்பு போகும். கரையில் மீன் விற்கும் பெண்ணிடம் லெட்டர்பேடு இருக்காது.

ஐரோப்பா: 60-க்கு 40

இந்தச் சிக்கலைச் சட்டத்தில் எழுதித் தீர்க்க முயன்றவர்களில் ஐரோப்பிய ஒன்றியம் முக்கியமானது. ஒரே நாளில் அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை.

முதல் கட்டம் 1971. பிரஸ்ஸல்ஸில், நிர்வாகத்தை நடத்தும் அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குக் கருத்துச் சொல்ல மீன்வள ஆலோசனைக் குழு ஒன்று வந்தது. 1999-இல் அதைத் திருத்தியமைத்து, மீன்வளம் மற்றும் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான ஆலோசனைக் குழு என்றார்கள். 21 உறுப்பினர்கள். அதன் கீழ் மீன் வளம், வளர்ப்பு, சந்தை, பொது விஷயங்கள் என்று நாலு பணிக்குழுக்கள். குறை என்னவென்றால், ஒரே மேசையைச் சுற்றி பால்டிக் கடலின் ஹெர்ரிங் மீனையும் மத்தியதரைக் கடலின் சூரையையும் பேச வேண்டும். ராமேஸ்வரத்தின் பிரச்சினையையும் போர்பந்தரின் பிரச்சினையையும் டெல்லியில் ஒரே குழு தீர்ப்பது போன்ற கதை.

இரண்டாம் கட்டம் 2004. கடல்வாரியாகப் பிரித்து ஏழு வட்டார ஆலோசனை மன்றங்களுக்கு வழி செய்தார்கள். நாற்காலிகளில் மூன்றில் இரண்டு பங்கு மீன்பிடித் தரப்புக்கு, ஒரு பங்கு மற்றவர்களுக்கு. அந்த மற்றவர்களில் சுற்றுச்சூழல் அமைப்புகளும் உண்டு.

மூன்றாம் கட்டம் 2013-ஆம் ஆண்டின் பொது மீன்வளக் கொள்கைச் சட்டம். இன்றுவரை நடைமுறையில் இருப்பது இதுதான். பழைய மையக் குழு போய், மன்றங்களின் எண்ணிக்கை 11 ஆனது. கடல்வாரியான மன்றங்களோடு, நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று, ஐரோப்பாவிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் பிரெஞ்சு, ஸ்பானிய, போர்த்துகீசியத் தீவுப் பகுதிகள் போன்றவற்றுக்கு ஒன்று என்று சேர்ந்தன. மீன் வளர்ப்போர் மீன் பிடிப்போரின் நிழலிலிருந்து விலகித் தனி மேசை பெற்றார்கள்.

அமைப்பு இப்படி:

1. ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு பொதுப்பேரவை, ஒரு செயற்குழு. செயற்குழுவைப் பேரவைதான் நியமிக்கும்.

2. இரண்டிலும் 60 சதவீத இடம் தொழில் தரப்புக்கு. பிடிப்பவர், பதப்படுத்துபவர், விற்பவர் எல்லாரும் இதற்குள் அடக்கம்; வளர்ப்பு மன்றத்தில் பண்ணைக்காரர்களும் இதில் வருவார்கள். மீதி 40 சதவீதம் பிற தரப்புக்கு.

3. செயற்குழுவில் அதிகபட்சம் 25 பேர். சிறு படகுக்காரர்களுக்குப் போதிய இடம் கிடைப்பதற்காக, ஆணையத்தைக் கலந்து 30 வரை போகலாம்.

4. வளர்ப்பு மன்றத்தையும் சந்தை மன்றத்தையும் தவிர மற்றவற்றில், சம்பந்தப்பட்ட ஒவ்வொரு நாட்டிலிருந்தும் மீன் பிடிக்கும் தரப்பினர் ஒருவராவது செயற்குழுவில் இருக்க வேண்டும்.

5. தலைவர் எல்லோரும் ஒத்துக்கொண்டவராக, ஒரு பக்கம் சாயாதவராக இருக்க வேண்டும்.

6. விஞ்ஞானிகள் அழைப்பின் பேரில் வருவார்கள். ஆணையத்தின் அதிகாரிகளும் உறுப்பு நாடுகளின் அதிகாரிகளும் பார்வையாளர்கள் மட்டுமே.

ஆறாவதைக் கவனியுங்கள். நம் ஊர்க் குழுவில் தலைமை நாற்காலியில் இருக்கும் அதிகாரி, அங்கே சுவரோர நாற்காலியில் இருக்கிறார். இங்கே அரசு தன்னிடமே ஆலோசனை கேட்டுக்கொள்கிறது. அங்கே அப்படி இல்லை.

சரி, 60:40 என்பது நிஜத்தில் எப்படிப் பிரிகிறது? பால்டிக் கடலை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியிருக்கும் ஒன்றிய நாடுகள் எட்டு: டென்மார்க், ஜெர்மனி, போலந்து, லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, பின்லாந்து, சுவீடன். 25 பேர் கொண்ட செயற்குழு என்றால் தொழில் தரப்புக்கு 15, மற்றவர்களுக்கு 10. அந்த 15-இல் நாட்டுக்கு ஒருவர் என்று எட்டு இடம் எடுத்த எடுப்பிலேயே போய்விடுகிறது. மிஞ்சும் ஏழில் பதப்படுத்துவோர், விற்போர், சிறு படகுக்காரர் எல்லோரும் முட்டி மோத வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் முதல் இடத்துக்குப் போவது பெரும்பாலும் அந்த நாட்டின் பெரிய சங்கமாக இருப்பதில் வியப்பில்லை. 30 வரை போகலாம் என்று சிறு படகுக்காரர்களுக்கென்றே ஒரு ஜன்னல் வைத்ததற்குக் காரணமும் இந்தக் கணக்குதான்.

அடுத்த சிக்கல் 40-இல் வந்தது. ‘பிற தரப்பு’ என்றால் யார் யார்? சட்டம் சுற்றுச்சூழல் அமைப்புகள், நுகர்வோர் அமைப்புகள் என்று உதாரணம் சொன்னதே தவிர, பட்டியல் போட்டு மூடவில்லை. தொழிலோடு நெருக்கமான ஓர் அமைப்பு பிற தரப்பு என்று எழுதிக்கொடுத்து அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால், 60 என்பது சத்தமில்லாமல் கூடிவிடும். விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. இப்படிப்பட்ட குறைகள் எழுந்த பின், மன்றங்களின் செயல்பாட்டு விதிகளில் 2022-இல் ஒரு திருத்தம் வந்தது. ஓர் அமைப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அதன் விதிமுறைகள், உறுப்பினர் பட்டியல், அது செய்யும் வேலை போன்ற புறச் சான்றுகளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எனக்குத் தெரிந்து, எண்ணிக்கையை விட, யாரை எந்த வகையில் சேர்க்கிறோம் என்பது முக்கியம் என்று ஒரு சட்டமே ஒத்துக்கொண்ட அரிய இடம் இது.

பதில் சொல்லும் கடமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்றம் முடிந்தவரை ஒருமித்த கருத்துக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் பெரும்பான்மை முடிவோடு மாற்றுக் கருத்தும் அதே பரிந்துரையில் பதிவாக வேண்டும். பரிந்துரை போய்ச் சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் ஆணையமோ சம்பந்தப்பட்ட நாடோ பதில் தர வேண்டும். இறுதி முடிவு மன்றத்தின் கருத்திலிருந்து விலகினால் ஏன் என்று விரிவாகக் காரணம் சொல்ல வேண்டும். மன்றத்தின் பேச்சுக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்காமல் விட்டதற்கான காரணம் காகிதத்தில் இருக்கும். நாளைக்கு நீதிமன்றத்திலோ பத்திரிகையிலோ அந்தக் காகிதத்தைக் காட்டலாம்.

அமெரிக்கா: தொழில்காரரே வரைவு எழுதுகிறார்

1976-ஆம் ஆண்டின் மாக்னுசன்-ஸ்டீவன்ஸ் சட்டம் அமெரிக்கக் கரையை எட்டு வட்டாரங்களாகப் பிரித்து, ஆளுக்கொரு மன்றம் வைத்தது. வாக்குரிமை உள்ள இடங்கள் ஒவ்வொன்றிலும் வேறு வேறு. கரீபியன் மன்றத்தில் 7, அலாஸ்கா கடலைப் பார்க்கும் வட பசிபிக் மன்றத்தில் 11, மத்திய அட்லாண்டிக் மன்றத்தில் 21.

வட பசிபிக்கையே எடுத்துக்கொள்வோம். 11 வாக்குகளில் நான்கு பதவிவழி: அலாஸ்கா, வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களின் மீன்வள அதிகாரிகள் மூவர், மத்திய மீன்வளத் துறையின் வட்டாரத் தலைவர் ஒருவர். மீதி ஏழு பேர் நியமனம். அலாஸ்காவுக்கு ஐந்து, வாஷிங்டனுக்கு இரண்டு. நியமன முறை இப்படி: காலியான ஒவ்வோர் இடத்துக்கும் மாநில ஆளுநர் மூன்று பேராவது கொண்ட பட்டியல் அனுப்ப வேண்டும், அதிலிருந்து மத்திய வணிகத் துறைச் செயலர் (நம் ஊர்க் கணக்கில் அமைச்சர்) ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். பதவிக்காலம் மூன்று வருடம்; தொடர்ச்சியாக மூன்று முறைக்கு மேல் கிடையாது. (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர், நம் ஊர் நியமன ஆளுநர் அல்ல. அதனால் மாநில அரசியல் நேராகப் பட்டியலுக்குள் வந்துவிடும்.) கடலோரக் காவல்படை, வெளியுறவுத் துறை போன்றவற்றின் ஆட்கள் வாக்கில்லாமல் உட்காருவார்கள். மேற்குக் கரையைப் பார்க்கும் பசிபிக் மன்றத்தில், மீன்பிடி உரிமை பெற்ற பழங்குடிகளுக்கென்று ஓர் இடம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கான பெயர்களைப் பழங்குடி அரசுகளே தருகின்றன.

இங்கே வல்லுநரையும் தொழில்காரரையும் பிரிக்கும் கோடு அழிந்துவிடுகிறது. தன் படகு, தன் மீன்பிடி ஒதுக்கீடு, தன் பதப்படுத்தும் ஆலை என்று சொந்தப் பணம் போட்டவர்களே மன்றத்தில் உட்கார்ந்து வாக்களிக்கிறார்கள். ‘பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை’ என்று முகம் சுளிக்கத் தோன்றும். சட்டம் இதைத் தெரிந்தேதான் செய்தது. கடலில் நடப்பது கடலுக்குப் போகிறவருக்குத்தான் தெரியும் என்பது அதன் வாதம். அதற்காக மூன்று கடிவாளங்கள் போட்டிருக்கிறார்கள்.

1. சொத்து, வருமானம் பற்றிய அறிக்கை தர வேண்டும். ஒரு முடிவு தன் சொந்த நலனைக் கணிசமாகப் பாதிக்கும் என்றால், அதில் வாக்களிக்கக் கூடாது. பத்து சதவீதம் என்பது அந்த ‘கணிசம்’ எவ்வளவு என்று பார்க்கும் அளவுகோல்.

2. வணிக மீன்பிடி, பொழுதுபோக்கு மீன்பிடி ஆகிய இரண்டில் ஈடுபடுவோரும் நியாயமான விகிதத்தில் இருக்கிறார்களா என்று செயலர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும்.

3. மிக முக்கியமான கடிவாளம் 2006-ஆம் ஆண்டின் திருத்தத்தில் வந்தது. ஒவ்வொரு மன்றத்துக்கும் அறிவியலாளர் குழு ஒன்று உண்டு. அந்தக் குழு ‘இந்த மீனை இவ்வளவுக்கு மேல் பிடிக்கலாகாது’ என்று சொன்னால், மன்றம் அந்த அளவைத் தாண்டி ஆண்டு வரம்பு வைக்க முடியாது.

மூன்றாவது கடிவாளம் இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் சடங்காகப் போயிருக்கும் என்பது என் கணிப்பு. மேசையில் யார் உட்கார்ந்தாலும், பங்கு பிரிக்கத்தான் அவர்களால் முடியும். மொத்தத்தைக் கூட்ட முடியாது.

இந்தியா: 11 நாற்காலி, ஒரு நீதிபதி

நம் நாட்டு ஆணையத்தின் கதை நாகப்பட்டினம் பக்கத்தில் தொடங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் மளமளவென்று பெருகின. நிலத்தடி நீர் உப்பாகிறது, வயல் கெடுகிறது, கடலுக்குப் போகும் பாதை அடைபடுகிறது என்று கிராமத்தினர் போராடினார்கள். காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், உயர் அலைக்கோட்டிலிருந்து (அலை ஏறும் உச்ச எல்லை) 500 மீட்டருக்குள் உள்ள பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை நீங்கலாக, அகற்றச் சொன்னது நீதிமன்றம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைத்து, பாதிப்பைக் கணக்கிட்டு, சேதம் செய்தவரிடமிருந்து ஈடு வாங்கித் தரவும் சொன்னது. 1997 பிப்ரவரியில் ஆணையம் வந்தது. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதற்கு நிரந்தர உருவம் கொடுத்தது. 500 மீட்டர் என்பது அந்தச் சட்டத்தில் 200 மீட்டரானது.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது அதிலிருந்த 11 நாற்காலிகள் இவை:

1. தலைவர்: உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர்.
2. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பில் வல்லுநர் ஒருவர்.
3. கடலோரச் சூழலியல் வல்லுநர் ஒருவர். பெயரைத் தருவது பெருங்கடல் மேம்பாட்டுத் துறை.
4. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அல்லது மாசுக் கட்டுப்பாட்டு வல்லுநர் ஒருவர்; பெயரைத் தருவது சுற்றுச்சூழல் அமைச்சகம்.
5. வேளாண் அமைச்சகத்தின் சார்பில் ஒருவர்.
6. வணிக அமைச்சகத்தின் சார்பில் ஒருவர்.
7. கடலோர மாநிலங்களின் சார்பில், சுழற்சி முறையில், நான்கு பேர்.
8. உறுப்பினர்-செயலர் ஒருவர்.

எல்லோரையும் நியமிப்பது மத்திய அரசு. பதவிக்காலம் மூன்று வருடம்.

மேலே பார்த்த ஐந்து வகைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பட்டியலில் மூன்றாவது, நான்காவது வகைகள் அடியோடு இல்லை. பண்ணைக்காரர் இல்லை, பண்ணைக்குப் பக்கத்து வயல்காரர், கடலுக்குப் போகிறவர் என்று பிற தரப்பும் இல்லை. வழக்குப் போட்டவர் பக்கமும் வழக்கில் தோற்றவர் பக்கமும் வெளியே நிற்க, நடுவர்கள் மட்டும் உள்ளே இருந்தார்கள். பிறந்த விதம் அப்படி. நீதிமன்றம் கேட்டது தீர்ப்புச் சொல்லும் அமைப்பு. அதனால்தான் தலைமை நாற்காலியில் நீதிபதியை வைத்தார்கள். வாதி, பிரதிவாதி யாரும் நீதிபதிகளோடு உட்கார முடியாதல்லவா? ஆனால் ஈட்டுத் தொகை வேலை பழைய கதையான பின்பு, ஆணையத்தின் அன்றாட வேலை பண்ணைகளையும் குஞ்சுப் பொரிப்பகங்களையும் பதிவு செய்வது, குஞ்சு பொரிக்க வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறாலுக்கு நிபந்தனை போடுவது என்று மாறியது. 2009-இல் வெளிநாட்டு இனமான வன்னாமி இறால் வளர்ப்புக்கு வழி திறந்த பிறகு தொழிலின் முகமே மாறிப்போனது. வேலை மாறியும் நாற்காலிகளில் பழைய வழக்கின் சாயல் போகவில்லை.

ஆறாவது நாற்காலியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வணிக அமைச்சகத்தின் கீழ்தான் கொச்சியில் இருக்கும் கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் இயங்குகிறது. ஏற்றுமதியைப் பெருக்குவது அதன் தொழில். பண்ணைக்காரர் மேசையில் இல்லாவிட்டாலும், இறால் விற்றால் சந்தோஷப்படும் அமைச்சகம் மேசையில் இருக்கிறது. பிரதிநிதித்துவம் இப்படிப் பக்கவாட்டுக் கதவு வழியாகவும் வரும்.

கீழ்மட்டத்தில் மாவட்டக் குழு. பண்ணைக்கான விண்ணப்பம் முதலில் போவது இங்கேதான். தலைவர் மாவட்ட ஆட்சியர். வருவாய், வேளாண்மை, சுற்றுச்சூழல் துறைகளின் ஆட்கள் உறுப்பினர்கள். கூட்டத்தைக் கூட்டுவது மீன்வளத் துறை அதிகாரி. 2005-இல் எழுதிய விதிகளின்படி, இரண்டு ஹெக்டேர் வரை நீர்ப்பரப்பு உள்ள பண்ணை என்றால் மாவட்டக் குழுவின் பரிந்துரை நேராகச் சென்னைக்குப் போகும். அதற்கு மேல் என்றால் மாநிலக் குழு வழியாகப் போக வேண்டும். நடைமுறையில் ஒரு விவசாயியின் கிணற்றுத் தண்ணீரைத் தீர்மானிப்பது சென்னையிலுள்ள 11 பேரை விட இந்தக் குழுதான்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கேரளம் 2017-இல் தன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, கிராமம், மாவட்டம், மாநிலம் என்று மூன்று அடுக்கில் மீன்வள மேலாண்மை மன்றங்களுக்கு இடம் வைத்தது. கடலில் பிடிப்பதற்கான ஏற்பாடு அது, பண்ணைகளுக்குப் பொருந்தாது.

பட்டியல் கைக்கு வந்தால் கேட்க வேண்டியவை

1. பெயரைக் கொடுத்தது யார்? சங்கமா, ஊரா, அமைச்சகமா? நியமித்தவரே நீக்கவும் முடியுமா?

2. ‘வல்லுநர்’ என்ற நாற்காலியில் இருப்பவரின் சம்பளமோ ஆய்வுப் பணமோ எங்கிருந்து வருகிறது?

3. பிரதிநிதி யாருக்குப் பிரதிநிதி? விசைப்படகுக்கா, நாட்டுப்படகுக்கா, கூலிக்குப் போகிறவருக்கா, கரையில் விற்கும் பெண்களுக்கா?

4. சொந்த நலன் குறுக்கிடும்போது எழுந்து வெளியே போக விதி இருக்கிறதா?

5. மாற்றுக் கருத்து பதிவாகிறதா? அரசு பதில் சொல்லக் காலக்கெடு உண்டா?

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2023-இல் திருத்தினார்கள். சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தை வைத்தார்கள். அதோடு சட்டத்தின் எல்லையும் விரிந்தது: கூண்டு மீன் வளர்ப்பு, சிப்பி வளர்ப்பு, முத்துச் சிப்பி, அலங்கார மீன், கடற்பாசி எல்லாம் உள்ளே வந்தன. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் பாசி கட்டிக் கடலில் மிதக்கவிடும் சுய உதவிக் குழுப் பெண்களின் தொழிலும், அன்று இறாலை மட்டும் மனதில் வைத்து நாற்காலி போட்ட அதே சட்டத்துக்குள் இப்போது வருகிறது. மேலே இருக்கும் மூன்றாவது கேள்வியை முதலில் கேட்க வேண்டிய இடம் அந்தக் கரைதான்.